சொல்லாமல் விட்ட இரண்டு தலையணைகள்

விவாத மேடையில் எனக்கு நான்கு நிமிடங்கள் தருவார்கள். மூன்றாவது நிமிடம் முடிந்ததும் ஒரு மணி ஒலிக்கும். நான்காவது முடிந்ததும் இரண்டு மணிகள். பதினான்கு வயதிலிருந்து அந்த மணிகளுக்கு இடையிலேயே வாழ்ந்து பழகியவள் நான். எது வேண்டும், எது வேண்டாம் என்பதை ஒரே பார்வையில் பிரித்து, வேண்டாததை வெட்டி எறிந்துவிடுவேன். பாடசாலையிலும் பின்னர் பல்கலைக்கழகத்திலும் நான் தலைமை தாங்கிய அணி தோற்ற நாட்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம். இதைப் பெருமையாகவே சொல்கிறேன். தன் சொல்லில் பெருமை கொள்ளத் தெரியாதவர் மேடையேறக் கூடாது. ஆனால் நான் வெட்டி எறிந்த ஒரு வாக்கியத்துக்குள் என் அம்மாவின் இதயம் இருந்தது. அம்மா வீடு திரும்பிவிட்டார். இனி எழுதலாம் என்ற துணிவு வந்த பிறகு, பெற்றோரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் என்னைப் போன்ற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு வத்தேகமவுக்கு அருகே, வீதியிலிருந்து நாற்பத்திரண்டு படிகளுக்கு மேலே இருக்கிறது. அப்பா கண்டி நகரில் ஓர் இரும்புக்கடையில் களஞ்சியம் பார்க்கிறார். அம்மா வத்தேகமச் சந்தையில் கீரையும் மரக்கறியும் விற்கிறார். இருவருக்கும் இரண்டாம் வகை நீரிழிவு. எங்கள் பேச்சில் சீனி வருத்தம். ஒரே மாத்திரைப் பெட்டி, ஒரே கிளினிக், ஒரே நாளில் இருவருக்கும் இலக்கம். அந்தக் கிளினிக்கில் அவர்களுடைய வாயாக நான் இருந்தேன்.

அது எப்படி ஆரம்பித்தது என்பதைச் சொல்ல வேண்டும். கிளினிக்கின் வைத்தியர் சிங்களவர், பொறுமையான பெண்மணி. அப்பாவுக்குச் சிங்களம் தடுமாறும். அம்மாவுக்குத் தடுமாறாது; விடியற்காலையிலிருந்து மாலை வரை சிங்களத்தில்தான் அவர் கீரை விற்கிறார். ஆனால் அது சந்தைச் சிங்களம். வாங்க வருபவர் யாராயிருந்தாலும் தோழியிடம் ‘நீ’ என்பதுபோல ‘ஓயா’ என்று விளிக்கும் சிங்களம். முதன்முறை அம்மா அந்த வைத்தியரை ‘ஓயா’ என்று விளித்தபோது எனக்கு முகம் சிவந்துவிட்டது. அன்றிலிருந்து அம்மா வாய் திறக்கும்முன் நான் பேசத் தொடங்கினேன். பெயர், சீனியின் அளவு, மாத்திரைகள், முறைப்பாடு. இரண்டு நோயாளிகளின் ஒரு மாதத்தை அரை நிமிடத்தில் அடுக்கி வைப்பேன். “எல்லாரும் இவரைப் போலப் பேசினால் நான் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம்” என்று வைத்தியர் ஒருமுறை சிரித்தார். அன்று பஸ்ஸில் வரும்போது அம்மா அதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் மூன்று தடவை சொன்னார்.

சென்ற ஆண்டின் மழை மாதங்களில் அப்பாவுக்கு நெஞ்சு எரியத் தொடங்கியது. அப்பாவின் வருத்தம் வீடு முழுவதும் கேட்கும் வருத்தம். “யாரோ நெஞ்சப் புடிச்சிப் புழியிற மாரி இருக்கு தர்ஷி” என்று கதிரையில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடுவார். உடனே வெந்நீர் வரும், இஞ்சித் தேத்தண்ணி வரும், அம்மாவின் உள்ளங்கை அவருடைய முதுகைத் தடவ வரும்.

அதே மாதங்களில் அம்மாவுக்கும் ஏதோ ஒன்று வந்திருந்தது. அதற்குச் சத்தமே இல்லை. சந்தையிலிருந்து திரும்பும்போது பதினாறாம் படியில் நிற்பார். பிறகு பத்தாம் படியில் நிற்கத் தொடங்கினார். மழைக்குப் பிந்திய அந்தி வேளைகளில் எங்கள் படிகளின் மேல் பால்போலப் பனி இறங்கும். அதற்குள் அம்மாவின் சேலை மட்டும் ஒரு மங்கிய சிவப்பாகத் தெரியும், அசையாமல் இருக்கும்.

“என்னாம்மா பாக்குறீங்க?” என்று மேலிருந்து கேட்பேன்.

“மேகத்த. அந்த மலை மேல ஒக்காந்துருக்கு பாரு. நம்மளாட்டம் அதுக்கும் ஏற ஏலல போல.”

நான் சிரிப்பேன். அழகான உவமை என்று மனத்தில் குறித்தும் வைத்தேன். ஒரு பெண் மூச்சு வாங்க நிற்பதை உவமையாகக் கேட்கும் காது எனக்கு.

பிறகு ஒருநாள், “ஒன் தலகாணிய எனக்குக் குடேன் புள்ள. ஒசரமா வச்சாத்தான் மூச்சு நேரா வருது” என்றார். கொடுத்தேன். என்னுடையது இலவம்பஞ்சுத் தலையணை, மெத்தென்றது. அம்மாவுக்கு மென்மை பிடித்திருக்கிறது என்று எண்ணி, என் தலைக்குக் கீழே ஒரு துவாயை மடித்து வைத்துக்கொண்டேன். அந்தத் தியாகத்தில் எனக்குச் சிறிது மகிழ்ச்சிகூட இருந்தது.

அடுத்த கிளினிக்கில் வைத்தியர் அம்மாவை நேராகப் பார்த்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா முன்னால் சாய்ந்தார். “டொக்டர், மட கொட்ட தெகக்…” என்று தொடங்கினார். எனக்கு இரண்டு தலையணை என்கிறார். இவ்வளவு பேர் வெளியே காத்திருக்கையில் தலையணையைப் பற்றி ஒரு கதையா என்று எனக்குப் பதறியது. அடுத்த வார்த்தை ‘ஓயா’வாக இருக்கும் என்றும் தெரியும். மேசைக்குக் கீழே அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினேன். அம்மா நிறுத்திக்கொண்டார். நான் தொடர்ந்தேன்: “பொதுவான சோர்வுதான், டொக்டர். சந்தையில் நீண்ட நேரம் நிற்கிறார். மருந்தை ஒழுங்காக எடுக்கிறார். நெஞ்சுவலி இல்லை.”

நான்கு வாக்கியங்கள், ஒவ்வொன்றும் உண்மை. எழுதுவதற்காகத் தூக்கிய பேனாவை வைத்தியர் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அம்மாவின் கிளினிக் புத்தகத்தில் ஒரு சிறு வரி எழுதினார். மீதி நேரம் முழுவதையும் அப்பாவின் நெஞ்செரிச்சலுக்காக வாதாடினேன். அப்பாவுக்கு எக்கோ எடுக்க ஒரு திகதி கிடைத்தது. வெற்றியோடு வெளியே வந்தேன். அம்மா என் பின்னால், இரண்டு பேருடைய புத்தகங்களையும் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

எக்கோ என்பது ஒலியலைகளால் இதயத்தைப் படம் பிடித்துப் பார்ப்பது. ஊசி இல்லை, வலி இல்லை. அதற்கு முந்திய இரண்டு வாரங்களாக அம்மா சந்தைக்குப் போகவில்லை; மழை என்றார், நானும் நம்பினேன். அப்பாவின் திகதியன்று மூவரும் அதிகாலை பஸ்ஸில் கண்டிக்குப் புறப்பட்டோம். மகாவலிப் பாலத்தைக் கடக்கும்போது ஆறு தெரியவில்லை. ஆறு இருக்க வேண்டிய இடத்தில் வெண்மை மட்டும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. வைத்தியசாலையின் ஏற்றத்தில் நான் அப்பாவுக்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுத்தபடி நடந்தேன். அப்பாவின் கோப்பு, அப்பாவின் சுடுநீர்ப் போத்தல், அப்பாவின் பிஸ்கட் எல்லாம் இருந்த பை அம்மாவின் தோளில்.

அப்பா திரும்பிப் பார்த்தார். “வெரசா வாயேன், நம்பரு போயிரும்!”

“நம்பரு எங்கயும் போகாது. நீங்க போங்க, நான் ஒங்க நெழலு மாரி வாரேன்.”

“நெழலு இவ்ளோ தூரத்துலயா வரும்?”

“வெயிலு சாஞ்சிருக்குல்ல” என்றார் அம்மா, ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டே.

அப்பா உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். சட்டைப் பொத்தான்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தன, முகம் மலர்ந்திருந்தது. “ஒன்னுமே இல்லியாம்! பம்பு பண்றதும் நல்லாருக்காம், நெறயிறதும் நல்லாருக்காம். எல்லாம் வயித்துல கேஸ்தானாம்!”

அம்மா நடைவழியில் உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து எழுந்திருக்கவில்லை. முன்னால் குனிந்து, முழங்கால்களில் கைகளை ஊன்றி, எதையோ கவனமாகக் கேட்பவர்போல உட்கார்ந்திருந்தார். உதடுகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. “நல்லது” என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பின் மூச்சு இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் நடைவழியில் வந்த தாதி ஒருவர் நின்றார். வத்தேகமவில் வசிப்பவர், வாரந்தோறும் அம்மாவிடம் கீரை வாங்குபவர். எனக்கு அப்போது அவரைத் தெரியாது. அவர்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டதை என்னால் இயன்றவரை அப்படியே தருகிறேன்; அம்மா சொல்லும் ‘நோனா’, அம்மணி என்பதுபோன்ற விளி.

“அடடே, செல்வி அக்கா! நோயாளிய பாக்க வந்தீங்களா? போன ரெண்டு வாரமா ஒங்க எடத்துல வேற யாரோ ஒக்காந்துருந்தாங்க. அந்தாளு கீரையில பாதி தண்ணிதான்.”

“வர ஏலல நோனா. ஒக்காந்துருந்தா ஒன்னுமில்ல. படுத்தா தண்ணிக்குள்ள போற மாரி இருக்கு. மொதல்ல மக அவளோட தலகாணியத் தந்தா, ரெண்டா வச்சேன். இப்ப அதுவும் பத்தல, செவத்துல சாஞ்சிக்கிட்டுத்தான் தூங்குறேன்.”

“காலு?”

“செருப்பு சேர மாட்டேங்குது. பூசணிப் பிஞ்சு மாரி இருக்கு. வித்தா நல்ல வெலைக்குப் போகும்.”

தாதி சிரிக்கவில்லை. குனிந்து அம்மாவின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தி எடுத்தார். பிசைந்த மாவில் பதிந்ததுபோல அந்தக் குழி அங்கேயே இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நிரம்பவில்லை.

“இத்தன நாளா டொக்டர்ட்ட சொல்லலயா அக்கா?”

“மக சொல்லுவா” என்றார் அம்மா. “நல்லா பேசுவா.”

அதில் குத்தல் இருந்ததா என்று பின்னர் பல நாட்கள் அந்த வார்த்தைகளைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்ன அதே பெருமைதான் இருந்தது.

தள்ளுவண்டி வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. ஈசிஜி எடுத்தார்கள், இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் கோடாக இழுத்துக் காட்டும் சோதனை அது. இரத்தம் எடுத்தார்கள். மூக்கையும் வாயையும் மூடிப் பிராணவாயு முகமூடி பொருத்தினார்கள். யாரோ என்னிடம் கேள்விகள் கேட்டார்கள். எத்தனை நாளாக மூச்சு வாங்குகிறது? படுத்தால் கூடுகிறதா? கால் எப்போது வீங்கியது? எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. அம்மா முகமூடியைச் சற்று விலக்கி, தன் சந்தைச் சிங்களத்தில், ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

மறுநாள் அம்மாவுக்கும் எக்கோ எடுத்தார்கள். தள்ளுவண்டியோடு என்னையும் உள்ளே விட்டார்கள். இருட்டறை, குளிர்ந்த பசையை நெஞ்சில் தடவி ஒரு சிறு கருவியை அழுத்தினார்கள். திரையில் விசிறிபோல விரிந்த சாம்பல் ஒளிக்குள் அம்மாவின் இதயம் அசைந்தது. கடலடியில் ஏதோ ஓர் உயிர் கைகளை வீசுவதுபோல இரண்டு மெல்லிய கதவுகள் திறந்தன, மூடின, திறந்தன. நான் அதற்குக் கீழே பத்து மாதங்கள் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உறங்கியிருக்கிறேன் என்ற நினைவு வந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கருவியை எடுத்ததும் கடல் அணைந்தது.

வார்டில் இருந்த வைத்தியர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இளம் பெண். மாலையில் என்னைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். தன் கையை முஷ்டியாகப் பிடித்துக் காட்டினார்.

“இதயத்துக்கு ரெண்டு வேலை, தங்கச்சி. சுருங்கி ரத்தத்தைத் தள்ளுறது ஒண்டு. பிறகு இளகி விரிஞ்சு, ரத்தத்தை உள்ளுக்கு எடுக்கிறது ஒண்டு. உங்கட அம்மாவுக்கு முதல் வேலை நல்லாத்தான் நடக்குது. ரெண்டாவதுதான் பிழையாப் போச்சு.” முஷ்டியைத் திறக்க முயன்று, பாதியில் நிறுத்தினார். “கன வருசம் சீனி, அதோட பிரஷர். தசை இறுகிப் போச்சு. விரிய மாட்டன் எண்டுது. உள்ளுக்கு வர வேண்டிய ரத்தம் பின்னுக்கு நுரையீரலில தேங்குது. படுத்தா இன்னும் கூடத் தேங்கும். அதுதான் அவ நிமிர்ந்து இருந்து நித்திரை கொள்ளுறா.”

“ஆனா நெஞ்சுவலி ஒரு நாளும் வரல்லயே?”

“எல்லாருக்கும் வராது. சீனி உள்ள ஆக்களுக்கு வலியே தெரியாமலும் போகலாம். இந்த இறுக்கம் ஆம்பிளையளுக்கும் வாறதுதான். ஆனா பொம்பிளையளில இப்பிடிக் களைப்பு, மூச்சு எண்டு மெல்ல மெல்ல வாறதை நாங்கள் அடிக்கடி காணுறம். ஆம்பிளையள் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு ஓடி வருவினம். பொம்பிளையள் வேலை கூடிப்போச்சு எண்டு சொல்லிக்கொண்டு இருந்திடுவினம்.” பிறகு, “எத்தினை தலையணை வைக்கிறா எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையோ?” என்றார்.

“அவங்க சொல்ல வந்தாங்க. நான்தான் நிப்பாட்டினேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. “இப்ப தெரிஞ்சிட்டுதுதானே” என்றார். “இனி ரெண்டு நாள்தான் முக்கியம். தேங்கின தண்ணி இறங்க வேணும். இறங்காட்டி மற்ற மருந்துகள் யோசிக்க வேணும்.”

முதல் நாள் இறங்கவில்லை. இரண்டாம் நாள் நண்பகலில் அம்மாவின் மூச்சு கிணற்றடியில் வாளி உரசுவதுபோல ஒலித்தது. கட்டிலைத் தாதியரின் மேசைக்கு அருகே நகர்த்தினார்கள். அது எதற்காக என்று அந்த வார்டில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் தன் பேச்சை நிறுத்திவிட்டு முக்காட்டைச் சரிசெய்து, உதடுகள் மட்டும் அசைய ஓதத் தொடங்கினார். நான் அம்மாவின் பாதங்களுக்கு அருகே நின்றேன். என்னிடம் இருந்த சொற்கள் யாவும் ஒரு மேடையில், விளக்கணைந்த மண்டபத்தில், வெகுதொலைவில் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இங்கே வரத் தெரிந்ததாக இல்லை.

ஊசி மூலம் நீரிறக்கும் மருந்தைக் கூட்டினார்கள். நீரிறக்கும் மருந்து என்பது உடம்பில் தேங்கியதைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து. உள்ளே போகும் தண்ணீரை ஒரு சிறிய கோப்பையால் அளந்தார்கள். வெளியே வருவதையும் அளந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அம்மாவை நிறுவையில் ஏற்றிய தாதி, முள் இறங்கியிருப்பதைக் கண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவிலிருந்து பனி கலைந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குள்ளும் அப்படி ஏதோ ஒன்று கலைகிறது என்று எனக்குத் தோன்றியது. இன்றும் அந்த நாட்களை நினைத்தால் முதலில் வருவது, பிராணவாயுப் போத்தலில் தண்ணீர் கொப்புளிக்கும் ஓசைதான். பகல் முழுவதும் யாரோ ஒருவர் என் காதருகே ஓர் ஓடையைத் திறந்து வைத்திருந்ததுபோல. அந்த ஓசைக்குள் உட்கார்ந்தபடியே உறங்கினேன், விழித்தேன். எது உறக்கம் எது விழிப்பு என்று பிரிக்கும் மணி எதுவும் அங்கே ஒலிக்கவில்லை.

மதியம் நோயாளர்களைப் பார்க்கும் நேரம் வந்ததும், வாசலில் அடைபட்டிருந்த கூட்டம் ஒரே அலையாக உள்ளே வரும். அந்த அலையில் அப்பா அடுக்குப்பாத்திரத்தோடு மிதந்து வருவார். கடையில் விடுப்பு எடுத்து, சமைக்கப் பழகிக்கொண்டிருந்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்பதற்காக உப்பே போடாமல் விட்டிருந்தார், பருப்பு அடிப்பிடித்திருந்தது.

அம்மா ஒரு வாய் எடுத்து நெடுநேரம் மென்றார். “ஏங்க, இதுல என்னா போட்டீங்க?”

“ஒன்னும் போடல.”

“அதான் தெரியுது.”

அப்பா முகத்தைத் திருப்பி, கட்டிலின் இரும்புக் கம்பியைத் துடைப்பதுபோல விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “எனக்கு நெஞ்சு எரியிதுன்னு நீ முதுக தடவி விட்டப்ப, ஒனக்குத்தான் மூச்சு முட்டியிருக்கு. நான் பாக்கவேயில்ல, செல்வி.”

“ஒங்க நெஞ்சு எரியலன்னா நான் இங்க வந்துருக்கவே மாட்டேன். அந்த எரிச்சலுக்கு ஒரு தேங்கா ஒடைக்கணும்” என்றார் அம்மா. “ஒங்க மாத்திரய போட்டீங்களா?”

அப்பா போட்டிருக்கவில்லை. மூன்று நாட்களாகப் போட்டிருக்கவில்லை. அம்மா படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து அவரை ஏசினார். ஏசும்போது இடையில் மூச்சு வாங்கவில்லை. அதை நாங்கள் இருவரும் ஒரே கணத்தில் கவனித்தோம்; அப்பா ஏச்சைக் கேட்டுக்கொண்டே சிரித்தார்.

அந்த வாரம் எனக்கு ஓர் இறுதிப் போட்டி இருந்தது. போகவில்லை. மாலையில் தொலைபேசியில் செய்தி வந்தது.

“என்னா சொல்றாங்க?” என்றார் அம்மா.

“ஜெயிச்சிட்டாங்களாம்.”

“நீ இல்லாமயா?”

“நான் இல்லாமத்தான்.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். “பரவால்ல. மத்தவங்களும் பேசட்டும்” என்றார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் என்னால் அதற்குமேல் பொறுத்திருக்க முடியவில்லை. கதிரையைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டுக்கொண்டு, கிளினிக்கில் நடந்ததைச் சொன்னேன். மேடையில் சொல்வதுபோல அல்லாமல், முன்னுரையில்லாமல், முறையில்லாமல், ஒன்றை இரண்டு தடவையாகச் சொன்னேன். உங்கள் சிங்களத்துக்காக வெட்கப்பட்டேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது பிராணவாயுப் போத்தலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கையப் புடிச்சி அழுத்துனியே, அன்னைக்கா?”

“ஆமா.”

“நல்லா வலிச்சிச்சு. மோதிர வெரல்ல.” அம்மா அந்த விரலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கனவில் பேசுபவர்போலச் சொன்னார்: “ஆனா நீ பேசுனது அவ்ளோ அழகா இருந்துச்சு, தர்ஷி. கேட்டுக்கிட்டே இருந்துட்டேன். என்னயப் பத்தித்தான் சொல்றன்னு மறந்துட்டேன்.”

அதுவரை எத்தனையோ நடுவர்கள் என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். கேட்டு எழுந்து வெளியே போய் அழ வேண்டியிருந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

எட்டாம் நாள் டிக்கட் வெட்டினார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று நோயாளியின் அட்டையில் எழுதிக் கொடுப்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நீரிறக்கும் மாத்திரை, சீனிக்கும் இதயத்துக்கும் சேர்த்து உதவும் என்று புதிதாக எழுதிய ஒரு மாத்திரை, பிரஷர் மாத்திரை. நாள்தோறும் காலையில் எடை பார்க்க வேண்டும். திடீரென்று கூடினால் உடனே வர வேண்டும். இறுகிய தசை பழையபடி ஆகிவிடும் என்று யாரும் வாக்களிக்கவில்லை. மேலும் இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வார்டிலிருந்து வெளியேறும்போது அந்த வத்தேகமத் தாதி ஓடி வந்து, “அக்கா, சந்தைக்கு எப்ப வருவீங்க?” என்றார். “ஏலுமானா அடுத்த மாசம். ஒங்களுக்கு நல்ல வல்லாரையா எடுத்து வைக்கிறேன், தண்ணி தெளிக்காம” என்றார் அம்மா.

நாற்பத்திரண்டு படிகளையும் அன்று அப்பாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து, ஒவ்வொரு ஐந்து படிக்கும் ஒருமுறை நின்று ஏறினோம். பதினாறாம் படியில் அம்மா தானாக நின்றார். நாங்கள் பதறினோம். “மேகத்தப் பாக்குறேன்” என்றார். உண்மையாகவே மேகத்தைத்தான் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்துக் கிளினிக். அம்மாவின் முறை வந்தது. வைத்தியர் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தார். வாக்கியங்கள் என் நாக்கின் நுனியில் அணிவகுத்து நின்றன. நான் கதிரையைச் சுவரோரமாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு அம்மா முன்னால் சாய்ந்தார்.

“ஓயா கேளுங்க டொக்டர், நான் எல்லாத்தையும் சொல்றேன்” என்று தொடங்கினார், தன் சிங்களத்தில்.

சொன்னார். காலையில் எந்தச் செருப்பு சேர்கிறது, எது சேரவில்லை என்பதைச் சொன்னார். எத்தனையாம் படியில் மூச்சு வாங்குகிறது என்பதைச் சொன்னார். நீரிறக்கும் மாத்திரையைப் போட்டால் பஸ்ஸில் படும் அவஸ்தையைச் சொன்னார். வைத்தியர் வாய்விட்டுச் சிரித்து, போடும் நேரத்தை மாற்றி எழுதினார். அப்பாவின் பருப்பைப் பற்றிக்கூடச் சொன்னார். வைத்தியரின் பேனா நிற்கவேயில்லை. வெளியே காத்திருந்தவர்களின் இருமல் கேட்டது. எனக்கு அவசரம் இல்லை.

கடைசியில் வைத்தியர் கேட்டார்: “தலையணை எத்தனை, அக்கா?”

அம்மா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

அன்று பிற்பகல், வீட்டில், நான் பாயில் படுத்திருந்தேன். திரையை விலக்கிக்கொண்டு அம்மா வந்து என் இலவம்பஞ்சுத் தலையணையை என்மேல் போட்டார். “இந்தா ஒன்னோடது. துவாய மடிச்சி வச்சிப் படுத்தா கழுத்து கோணிரும்” என்றார். அதன் நடுவில் அவருடைய தலை அழுந்திய குழி இருந்தது. நான் அதைத் தட்டிச் சரிசெய்யவில்லை. அடுத்த அறையில் அம்மா படுக்கும் சத்தம் கேட்டது. கட்டில் ஒருமுறை முனகியது. பிறகு மூச்சு, உள்ளே போய், வெளியே வந்தது. நேராகப் படுத்திருந்த ஒருவரின் மூச்சு அது. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.